ஒரு தாய் எழுப்பிய கேள்விகள்

1871-ஆம் ஆண்டின் வசந்த காலம். இங்கிலாந்தின் செல்டன்ஹாம் நகரில், ஆங்கிலத் திருச்சபையைச் சேர்ந்த பாதிரியார் ஒருவரின் இல்லத்தில் இரண்டு குழந்தைகளுக்கும் கக்குவான் இருமல் கண்டிருந்தது. இரண்டு வயதுச் சிறுவன் டிக்பி மெல்லத் தேறிவிட்டான். பிறந்து ஓராண்டுகூட நிறையாத பெண்குழந்தை மேபலின் நிலைதான் நாளுக்கு நாள் மோசமாயிற்று. இருமலோடு மார்புச்சளியும் சேர்ந்துகொண்டது. கணப்பைச் சுற்றிக் கூடாரம்போல் திரை அமைத்து, அதனுள்ளே நீராவியை நிரப்பி, குழந்தை மூச்சுவிட வழிசெய்திருந்தார்கள். அந்தப் புழுக்கத்தில், குழந்தையை மடியில் கிடத்தியபடி இருபத்துமூன்று வயதுத் தாய் வாரக்கணக்கில் இரவும் பகலும் அமர்ந்திருந்தார்.

எந்த நேரமும் உயிர் பிரியலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஒருநாள் வலிப்பு கண்டு குழந்தையின் உடல் முறுக்கிக்கொண்டபோது, இனி எது செய்தாலும் கேடில்லை என்ற நிலையில் அவர் ஒரு கைக்குட்டையில் இரண்டொரு துளி குளோரோபார்ம் விட்டு முகத்தருகே பிடித்தார். வலிப்பு அடங்கியது. அதன்பின் ஒவ்வொரு முறையும் அதே முறையைக் கையாண்டு குழந்தையைக் காப்பாற்றினார்கள்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. தாயோ படுத்த படுக்கையானார். உடல் தேறி எழுந்தபோது அவருடைய உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்து நின்றது. பேசவும் அறியாத, ஒரு பாவமும் செய்யாத இச்சிறு உயிரை இவ்வளவு நாள் இப்படித் துடிக்கவிட்ட இறைவனை அன்பே உருவானவர் என்று எந்தப் பொருளில் அழைப்பது?

அந்தத் தாய்தான் அன்னி பெசன்ட் அம்மையார். இந்திய தேசிய காங்கிரசுக்குத் தலைமை வகித்த முதல் பெண்மணியாக, ஹோம்ரூல் இயக்கத்தின் தலைவியாக, காசியில் மத்திய இந்துக் கல்லூரியை நிறுவியவராக, பகவத்கீதையை ஆங்கிலத்தில் பெயர்த்தவராக நம் நாடு அவரை அறியும். அவர் பதினைந்து ஆண்டுக்காலம் நாத்திகராக வாழ்ந்தவர் என்பதையும், அதற்கு முன் நோன்பும் ஜெபமுமாகக் கிறிஸ்தவ பக்தியில் தோய்ந்து கிடந்தவர் என்பதையும் அறிந்தவர்கள் குறைவு.

பக்தியில் ஊறிய இளமை

1847 அக்டோபர் முதல் நாள் லண்டனில் பிறந்தவர் அன்னி. தந்தை வில்லியம் உட் மருத்துவம் பயின்றவர். சமயக் கோட்பாடுகளில் அவருக்கு நம்பிக்கை குறைவு. அன்னிக்கு ஐந்து வயதானபோது அவர் காலமானார். சில மாதங்களில் கைக்குழந்தையாயிருந்த தம்பியும் இறந்தான். அயர்லாந்து வழிவந்த தாய் எமிலி மனம் தளராமல் ஹாரோ நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்குள்ள புகழ்பெற்ற பள்ளியின் மாணவர்களைத் தம் வீட்டில் தங்கவைத்து, உணவளித்துக் கிடைத்த வருவாயில் மூத்த மகனைப் படிக்கவைத்தார்.

அன்னியின் கல்விப் பொறுப்பை எலன் மாரியட் என்னும் செல்வப் பெண்மணி ஏற்றுக்கொண்டார். கடற்கதைகள் எழுதிப் புகழ்பெற்ற கேப்டன் மாரியட்டின் சகோதரி அவர். நல்ல ஆசிரியை; சமய ஒழுக்கத்தில் மிகவும் கண்டிப்பானவர். ஏழைகளுக்கு உதவுவதும் விவிலியத்தைப் படிப்பதும் அவ்வீட்டின் அன்றாடக் கடமைகள். பழைய காலத்தில் பிறந்திருந்தால் விசுவாசத்திற்காக உயிர்நீத்த தியாகிகளுள் ஒருவராக ஆகியிருக்கலாமே என்று அச்சிறுமி பகற்கனவு கண்டதுண்டு. பருவமெய்தியபின் ஆதித் திருச்சபைத் தந்தையரின் நூல்களைத் தேடித் தேடிப் படித்தார், உபவாசம் இருந்தார், சில வேளைகளில் தம்மைத் தாமே அடித்துக்கொண்டு உடலை ஒறுத்ததும் உண்டு.

முதல் ஐயம் தோன்றியது இந்த பக்தியின் நடுவேதான். 1866-ஆம் ஆண்டு ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரம். இயேசுவின் இறுதி நாட்களை நாள்வாரியாகத் தியானிக்க விரும்பிய அன்னி, நான்கு நற்செய்தி நூல்களும் கூறும் நிகழ்ச்சிகளைப் பக்கம் பக்கமாக நான்கு பத்திகளில் எழுதி ஒப்பிடத் தொடங்கினார். ஒன்றோடொன்று இசைந்து வரும் என்று எதிர்பார்த்த இடங்களில் முரண்பாடுகள் தலைகாட்டின. அஞ்சிப்போன அவர் எழுதுவதை நிறுத்தினார். ஐயம் என்பது சாத்தானின் தூண்டுதல் என்றே அவருக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. ஆகவே அந்நினைவு வந்த குற்றத்திற்காக உபவாசம் இருந்து அதை உள்ளத்தின் அடியில் புதைத்துவிட்டார்.

அந்நாளில் அறிமுகமான பிராங்க் பெசன்ட் என்னும் இளம் பாதிரியாரை 1867 டிசம்பரில் மணந்தார். பாதிரியாரின் மனைவி என்றால் இறைவனுக்கும் ஏழைகளுக்கும் பணி செய்யலாம் என்பதே அவருடைய எண்ணம். கணவரின் இயல்பைப் பற்றி அவர் அதிகம் யோசிக்கவில்லை. அவரோ கடமையில் வழுவாதவர், கண்டிப்பானவர், மனைவி என்பவள் அடங்கி நடக்கவேண்டியவள் என்ற அக்காலக் கருத்தில் ஊறியவர். இருவரில் எவரையும் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. பொருத்தமில்லாத இணைப்பு; அவ்வளவே. 1869-இல் மகனும் 1870-இல் மகளும் பிறந்தனர். அதன் பிறகு வந்ததுதான் அந்த 1871-ஆம் ஆண்டு.

நான்கு முடிச்சுகள்

இம்முறை அன்னி ஐயத்தைப் புதைக்கவில்லை. அதைத் தீர்க்காமல் வாழ முடியாது என்று கண்டார். தலைவலியும் உறக்கமின்மையும் வாட்டிய நாட்கள் அவை. ஒருமுறை மனம் உடைந்து உயிரையே மாய்த்துக்கொள்ள எண்ணியவர், அது கோழைத்தனம் என்று உணர்ந்து கையிலிருந்த மருந்துப் புட்டியைச் சாளரத்தின் வழியே தோட்டத்தில் வீசியெறிந்தார். அதன்பின் ஒரு முடிவுக்கு வந்தார். கற்பிக்கப்பட்ட கோட்பாடுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வது, உண்மை என்று அறிவும் மனச்சான்றும் ஒப்பினால் ஏற்பது, இல்லாவிட்டால் விடுவது. இந்த ஆராய்ச்சியும் போராட்டமும் மூன்றாண்டுகளுக்கு மேல் நீடித்தன.

நான்கு முடிச்சுகளை அவர் முதலில் கையில் எடுத்தார். மரணத்திற்குப் பின் முடிவில்லாத தண்டனை உண்டா? துன்பமும் பாவமும் நிறைந்த உலகைப் படைத்த இறைவனைக் குறிக்கும்போது நன்மை, அன்பு என்ற சொற்களுக்கு என்ன பொருள்? குற்றமற்ற ஒருவர் படும் வேதனையைக் குற்றவாளிகளுக்கு ஈடாக ஏற்றுக்கொள்வது நீதியாகுமா? தவறுகளும் கொடுமைகளும் காணப்படும் ஒரு நூலை முழுக்க முழுக்க இறைவாக்கு என்று எப்படிக் கொள்வது? இயேசு இறைவனா என்ற கேள்வி அப்போது அவருக்கு எழவேயில்லை என்பது கருதத்தக்கது. அந்த அன்புருவை விட்டுவிட அவர் மனம் எளிதில் துணியவில்லை.

நம் நாட்டு வாசகர்களுக்கு முதல் கேள்வியின் கடுமை சட்டென்று விளங்காது. பல பிறவிகள் உண்டு, எந்த நரகத்திற்கும் ஒரு முடிவு உண்டு என்ற எண்ணத்தில் வளர்ந்தவர்கள் நாம். அன்னி கற்ற சமயத்திலோ வாழ்வு ஒன்றே, மரணம் ஒன்றே, அதன்பின் தீர்ப்பு ஒன்றே. எழுபது ஆண்டு வாழ்வின் பிழைக்கு எல்லையற்ற காலம் வேதனை. கிறிஸ்தவ உலகிலும் இதை எல்லாரும் எக்காலத்திலும் ஏற்றுக்கொண்டதில்லை. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஓரிஜென், முடிவில் எல்லா உயிர்களும் இறைவனிடம் மீண்டு சேரும் என்று கருதினார். பிற்காலத்தில் அக்கருத்தைத் திருச்சபை கண்டித்தது. அன்னியின் காலத்துக்குச் சற்று முன், 1853-இல், முடிவில்லாத தண்டனையைக் கேள்விக்குள்ளாக்கியதற்காக பிரெடரிக் மாரிஸ் என்ற பேரறிஞர் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் தம் பதவியை இழந்தார். 1864-இல் திருச்சபை வழக்குகளுக்கு உச்ச நீதிமன்றமாக விளங்கிய பிரிவி கவுன்சில், இக்கோட்பாட்டை ஏற்காத பாதிரியாரைத் தண்டிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று தீர்ப்பளித்தது. உடனே ஏறத்தாழ 11,000 பாதிரிமார்கள் கையொப்பமிட்டு, நரகம் நிலையானதே என்று அறிக்கை வெளியிட்டார்கள். தம்முடைய படுக்கையறையில் ஒரு பெண் தனியே மல்லாடிய கேள்வி ஒரு நாட்டின் சமய உலகையே பிளந்து நின்ற கேள்விதான்.

இரண்டாவது முடிச்சு இன்னும் இறுக்கமானது. மான்செல் என்ற இறையியல் அறிஞர் 1858-இல் ஆக்ஸ்போர்டில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில் ஒரு விடை கூறியிருந்தார். இறைவன் அளவற்றவர், மனித அறிவு அளவுடையது, ஆகவே மனிதரிடம் நாம் நன்மை என்று சொல்வதை அளவுகோலாகக் கொண்டு இறைவனின் நன்மையை அளக்கக்கூடாது என்பது அவர் வாதம். தத்துவ ஞானி ஜான் ஸ்டூவர்ட் மில் 1865-இல் இதைக் கடுமையாக மறுத்தார். மனிதரிடம் நாம் போற்றும் நன்மையிலிருந்து முற்றிலும் வேறான ஒன்றை நன்மை என்று அழைப்பது வெறும் முகத்துதி என்றும், அப்படி அழைக்க மறுப்பதற்காக நரகத்துக்கு அனுப்பினால் அங்கே போகத் தாம் தயார் என்றும் அவர் எழுதினார். அன்னி இரண்டையும் படித்தார். மான்செலின் நூல் விசுவாசத்தைக் காக்க எழுதப்பட்டது. அன்னியை விசுவாசத்திலிருந்து மேலும் விலக்கியது அதுதான்.

ஐயத்தோடு போராடிய அவருக்கு அன்போடு உதவ முன்வந்த பாதிரியாரும் உண்டு. கடிதங்கள் எழுதினார், மாரிஸ் போன்ற பரந்த நோக்குடையோரின் நூல்களை இரவல் தந்தார். அவை சிறிது காலம் ஆறுதல் தந்தன. பழைய வாழ்வு மட்டும் திரும்பவில்லை.

சிப்சி கிராமத்தில்

1872-இல் லிங்கன்ஷயரிலுள்ள சிப்சி என்னும் கிராமத்துக்குப் பங்குக் குருவாக பிராங்க் நியமிக்கப்பட்டார். வசதியான வீடு, பெரிய தோட்டம், சுற்றிலும் ஏழை விவசாயத் தொழிலாளர்கள். அவ்வாண்டு லண்டன் சென்றிருந்த அன்னி, சார்லஸ் வாய்சி நடத்திய வழிபாட்டில் கலந்துகொண்டார். நரகத்தையும் பிற கோட்பாடுகளையும் மறுத்ததற்காக முந்தைய ஆண்டுதான் வாய்சி தம் பாதிரியார் பதவியை இழந்திருந்தார். அன்பே வடிவான ஒரே இறைவனை நம்பினால் போதும் என்ற அவருடைய போதனையில் அன்னி சற்றே இளைப்பாறினார். சுதந்திரச் சிந்தனை நூல்களை வெளியிட்டுவந்த தாமஸ் ஸ்காட் என்ற முதியவரின் நட்பும் அப்போது கிடைத்தது.

மிஞ்சியிருந்தது இயேசுவின் இறைத்தன்மை பற்றிய கேள்வி. அதற்கு விடை காண, உயர் திருச்சபை இயக்கத்தின் மூத்த தலைவரான டாக்டர் பியூசியைத் தேடி ஆக்ஸ்போர்டுக்குச் சென்றார். நரகம் நிலையானது என்ற அந்த 11,000 கையொப்பங்களின் பின்னிருந்த பெருமகன் அவர். அன்னி ஐயத்தோடு வந்த மாணவியாகத் தம்மைக் கருதினார். பியூசியோ அவரைப் பாவமன்னிப்புக்கு வந்த குற்றவாளியாகக் கண்டார். அளவுக்கு மீறிப் படித்துவிட்டதாகவும், உண்மையை ஆராய்வது அவர் வேலையல்ல, திருச்சபை தருவதை ஏற்பதே கடமை என்றும் கடிந்துரைத்தார். இளமையில் யாருடைய நூல்களைப் பக்தியோடு படித்தாரோ அவரிடமிருந்து அன்னி வெறுங்கையோடு திரும்பினார்.

சிப்சியில் ஓர் உடன்பாடு செய்துகொண்டார். கோயிலுக்கு வருவார், பிறருடைய வழிபாட்டை மதித்து அமர்ந்திருப்பார், ஆனால் இயேசுவை இறைவனாக ஏற்று அருந்தும் நற்கருணையில் மட்டும் பங்குகொள்ளமாட்டார். முதல்முறை அவர் எழுந்து வெளியே சென்றபோது, பாதிரியாரின் மனைவிக்கு உடல்நலமில்லை போலும் என்று எண்ணி மறுநாள் ஊரார் நலம் விசாரிக்க வந்தார்கள். அவ்வூரில் விஷக்காய்ச்சல் பரவியபோது அதே அன்னி குடிசைகளில் இரவெல்லாம் விழித்திருந்து நோயாளிகளைப் பேணினார். நம்பிக்கை போனால் நற்பண்பும் போய்விடும் என்ற எச்சரிக்கையை அவர் அடிக்கடி கேட்டிருப்பார். சிப்சியின் குடிசைகளில் அவ்வாறு நடக்கவில்லை.

1873-ஆம் ஆண்டு வசந்தத்தில் ஒருநாள் ஆர்கன் வாசித்துப் பழகுவதற்காகக் கோயிலுக்குச் சென்றார். கதவு தாழிடப்பட்டிருந்தது, உள்ளே எவருமில்லை. ஏதோ ஓர் உந்துதலில் பிரசங்க மேடையில் ஏறி, காலி இருக்கைகளை நோக்கி, விவிலியம் இறைவாக்கா என்ற பொருள்பற்றி உரையாற்றத் தொடங்கினார். சொற்கள் தடையின்றி வந்தன. குரல் கோயில் முழுவதும் நிறைந்தது. பிற்காலத்தில் லண்டனிலும் சென்னையிலும் காசியிலும் ஆயிரக்கணக்கானோரைக் கட்டிப்போட்ட அந்தப் பேச்சாற்றலின் முதல் அரங்கேற்றத்தைக் கேட்க ஒரு செவிகூட அங்கே இல்லை.

அவ்வாண்டில் இயேசுவின் இறைத்தன்மையை ஆராயும் சிறுநூல் ஒன்றை எழுதினார். ஆசிரியர் பெயரின்றி, ஒரு பாதிரியாரின் மனைவி எழுதியது என்ற குறிப்போடு ஸ்காட் அதை வெளியிட்டார். கோடையில் கணவர் ஒரு நிபந்தனை விதித்தார். ஒன்று, வழக்கம்போல் நற்கருணையில் பங்குகொள்ளவேண்டும். அல்லது வீட்டைவிட்டு வெளியேறவேண்டும். அன்னியின் தாய் அழுது மன்றாடினார். சற்று விட்டுக்கொடுத்தால் வீடும் மதிப்பும் குழந்தைகளும் நிலைக்கும். நம்பாததை நம்புவதாகக் காட்ட அன்னி இணங்கவில்லை. அவருக்கு அப்போது வயது இருபத்தைந்து. சட்டப்படி பிரிவினை ஆயிற்று. மகன் தந்தையிடம் இருப்பான், மகள் தாயிடம் இருப்பாள் என்று முடிவாயிற்று. சிறுதொகை ஒன்று மாதந்தோறும் வரும். மற்றபடி கைத்தொழில் எதுவும் அறியாத ஒரு பெண், நோயிலிருந்து மீண்ட மூன்று வயது மகளோடு உலகில் இறங்கினார்.

தாயின் இறுதி விருப்பம்

1874-ஆம் ஆண்டு மே மாதம். அன்னியின் தாய் மரணப் படுக்கையில் இருந்தார். இறப்பதற்கு முன் நற்கருணை பெற அவர் ஏங்கினார். ஆனால் மகளும் தம்மோடு அதைப் பெறவேண்டும் என்றார். மகளைப் பிரிந்து தாம் மட்டும் மீட்படைவதைக் காட்டிலும் மகளோடு சேர்ந்து கெட்டுப்போவதே மேல் என்று அந்த முதியவள் உறுதியாக நின்றார். மறுமை பற்றி எத்தனையோ நூல்களில் அன்னி படித்திராத ஒரு விடை அது.

அன்னி தமக்குத் தெரிந்த பாதிரியார்களை அணுகினார். நம்பிக்கையில்லாதவருக்கு நற்கருணை அளிக்க இயலாது என்று மறுத்துவிட்டார்கள். அவரோ நம்புவதாக நடிக்க மறுத்தார். கடைசியில் துணிந்து வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் தலைமைக் குருவான டீன் ஸ்டான்லியின் வீட்டுக் கதவைத் தட்டினார். தம் ஐயங்களை ஒளிக்காமல் எடுத்துரைத்தார். அந்தப் பெரியவர் பொறுமையாகக் கேட்டார். நற்கருணை என்பது மனிதரை இணைப்பதற்காக ஏற்பட்டதேயன்றிக் கோட்பாடுகளைச் சோதித்து மனிதரைப் பிரிப்பதற்காக அன்று என்பது அவர் கருத்து. மறுநாளே வந்தார். தாயும் மகளும் சேர்ந்து பெற்றுக்கொண்டனர். பின்னரும் வந்து நோயாளியின் அருகில் அமர்ந்து ஆறுதல் கூறினார். இவ்வளவு பரந்த நோக்கம் கொண்டவர் ஏன் திருச்சபைக்குள் இருக்கிறார் என்று அன்னி கேட்டபோது, வெளியேறிச் செய்வதைவிட உள்ளேயிருந்து அதன் எல்லைகளை விரிப்பதே சமயத்துக்குப் பெருந்தொண்டு என்று தாம் நம்புவதாகச் சொன்னாராம். மே 10-ஆம் நாள் தாய் அமைதியாகக் கண்மூடினார்.

பியூசியும் கிறிஸ்தவர், ஸ்டான்லியும் கிறிஸ்தவர். அன்னி சந்தித்த வரிசை மாறியிருந்தால் அவர் வாழ்வு எப்படித் திரும்பியிருக்குமோ! ஆனால் ஸ்டான்லி வந்தபோது காலம் கடந்துவிட்டது.

மகளைப் பறித்த தீர்ப்பு

அவ்வாண்டு ஆகஸ்டில் சார்லஸ் பிராட்லாவின் சொற்பொழிவைக் கேட்ட அன்னி, அவர் தலைமை தாங்கிய தேசிய மதச்சார்பற்ற சங்கத்தில் சேர்ந்தார். அவர்களுடைய நாத்திகம் இறைவன் இல்லை என்று அடித்துச் சொல்வதன்று. இறைவன் என்ற சொல்லுக்குத் தெளிவான பொருள் தரப்படும்வரை அதை ஏற்பதற்கில்லை என்பதே. மறுமையைப் பற்றியும் அன்னி அவ்வாறே எண்ணினார். சொர்க்கத்தை வேண்டியோ நரகத்துக்கு அஞ்சியோ அன்றி, பிறர் துன்பம் குறைவதற்காகவே நன்மை செய்யவேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார்.

1877-இல், ஏழைக் குடும்பங்கள் அளவோடு பிள்ளை பெறும் வழிகளைக் கூறும் நூலொன்றை பிராட்லாவும் அவரும் மறுபதிப்பாக வெளியிட்டனர். ஆபாச நூல் என்று வழக்குத் தொடரப்பட்டது. ஆறு மாதச் சிறையும் 200 பவுன் அபராதமும் விதிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டில் சட்ட நுணுக்கம் ஒன்றால் அத்தீர்ப்பு விழுந்தது. ஆனால் வேறொரு தண்டனை காத்திருந்தது. மகளைத் தம்மிடம் ஒப்படைக்கவேண்டும் என்று பிராங்க் நீதிமன்றத்தை நாடினார். 1878 மே மாதம் நீதிபதி ஜெசல், அன்னி வழக்கறிஞரின்றித் தாமே எடுத்துரைத்த வாதங்களைச் செவிமடுத்தபின், நாத்திகத்தைப் பரப்பி, மகளுக்குச் சமயக் கல்வி மறுத்து, அத்தகைய நூலையும் வெளியிட்ட ஒருவரிடம் பெண்குழந்தையை விட்டுவைக்கலாகாது என்று தீர்ப்பளித்தார். தாயின் அன்பிலும் பராமரிப்பிலும் அவர் குறை காணவில்லை.

மேபல் அப்போதுதான் செங்காய்ச்சலிலிருந்து எழுந்திருந்தாள். மீண்டும் தாய்தான் இரவுபகலாகக் காத்திருந்தார். காய்ச்சலின் தளர்ச்சி நீங்காத அந்த ஏழு வயதுச் சிறுமியை, கதறத் கதற, தந்தை அனுப்பிய ஆள் தூக்கிச் சென்றான். எந்தக் குழந்தையின் வேதனையால் தாய்க்கு ஐயம் பிறந்ததோ, அந்த ஐயத்தின் காரணமாகவே அக்குழந்தையை இழந்தார். அன்னி நோயில் விழுந்து பல நாள் நினைவு தடுமாறிக் கிடந்தார். பிள்ளைகளைப் பார்க்கும் உரிமையை 1879-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. சந்திப்புகள் பிள்ளைகளை மேலும் வருத்துவதைக் கண்ட அவர், அவர்கள் வளர்ந்து தாமே தேடிவரும்வரை ஒதுங்கியிருக்க முடிவுசெய்தார். உரிய வயது வந்ததும் மகளும் மகனும் ஒருவர்பின் ஒருவராகத் தாயிடம் வந்துசேர்ந்தார்கள்.

அடையாறு வரை

பின்னர் நடந்தவை விரைந்து சொல்லத்தக்கவை. 1888 கோடையில் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் அவலத்தை அன்னி பத்திரிகையில் எழுத, ஏறக்குறைய 1,400 பேர் வேலைநிறுத்தம் செய்து வெற்றி கண்டனர். அடுத்த ஆண்டு பிளாவட்ஸ்கி அம்மையாரின் பெருநூல் ஒன்று மதிப்புரைக்காக அவர் கைக்கு வந்தது. அதைப் படித்து, ஆசிரியரையும் சந்தித்து, 1889 மே மாதம் பிரம்மஞான சபையில் சேர்ந்தார். பிராட்லா மனம் வருந்தினார். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கொள்கையை மாற்றுகிறவர் என்று பத்திரிகைகள் எள்ளின. கொள்கைகள் மாறின என்பது உண்மைதான். செல்டன்ஹாமில் எழுந்த கேள்வியோ அப்படியே இருந்தது. நாத்திகத்தில் நேர்மை கிடைத்தது, விடை கிடைக்கவில்லை.

கருமமும் மறுபிறப்பும் அவருக்கு விடையாகப்பட்டதற்குக் காரணம் எளிதில் விளங்கும். வினைக்கு ஏற்ற விளைவு உண்டு. அதற்கு எல்லையும் உண்டு. ஆகவே முடிவில்லாத நரகம் இல்லை. துன்பத்தை வெளியிலிருந்து ஒருவர் ஏவுவதில்லை. ஒருவர் பாவத்தை இன்னொருவர் சுமக்கவேண்டியதும் இல்லை. முதல் மூன்று முடிச்சுகளும் ஒருங்கே அவிழ்ந்தன. ஆயினும் ஒன்றைச் சொல்லவேண்டும். துடிக்கும் குழந்தையின் தாயிடம் இது பழவினை என்று கூறினால் நீதி விளங்கலாம், நெஞ்சு ஆறுமா? பக்தி மரபினர் அருளைப் பற்றிப் பேசுவது அந்த இடத்தில்தான். அன்னி முதலில் பற்றிக்கொண்டது அருளையன்று, நியதியையே. நியதியை நம்பியதால் அவர் கைகட்டி நிற்கவுமில்லை; துன்பப்படுகிறவனுக்கு உதவுவதும் நம் கருமமே என்று கொண்டார்.

1893 செப்டம்பரில் சிகாகோ சர்வசமயப் பேரவையில் பிரம்மஞான சபையின் சார்பில் பேசினார். சுவாமி விவேகானந்தர் உலகுக்கு அறிமுகமான அதே பேரவை. அவ்வாண்டு நவம்பர் 16-ஆம் நாள் தூத்துக்குடியில் வந்திறங்கி முதன்முதலாக இந்திய மண்ணை மிதித்தார். 1898-இல் காசியில் கல்லூரி. 1907-இல் சபையின் தலைமை. 1901-இல் கிறிஸ்தவத்தின் உட்பொருள் பற்றி ஒரு நூல் எழுதினார். எழுத்துக்கு எழுத்து ஏற்க முடியாமல் தாம் விட்டுவந்த கோட்பாடுகளைக் குறியீடுகளாகக் கொண்டு அதில் புதிதாக விளக்கினார். தம்மை வெளியேற்றிய சமயத்தைப் பகையோடு நினைக்க அவரால் முடியவில்லை.

குறையில்லாத வாழ்வு என்று அதைச் சொல்வதற்கில்லை. தம் பாதுகாப்பில் இருந்த சிறுவன் ஜே.கிருஷ்ணமூர்த்தியைத் திரும்பக் கேட்டு அவனுடைய தந்தை 1912-இல் வழக்குத் தொடர்ந்தபோது, குழந்தையைப் பறிகொடுத்த வேதனையை அறிந்த அன்னையே எதிர்வழக்காடினார். சென்னையில் தோற்று, 1914-இல் பிரிவி கவுன்சிலில் வென்றார். அவ்வெற்றியை எண்ணும்போது 1878-ஆம் ஆண்டு நம் நினைவுக்கு வராமலிராது.

பிராங்க் பெசன்ட் நாற்பத்தைந்து ஆண்டுகள் சிப்சியிலேயே குருவாகப் பணியாற்றி 1917-இல் அங்கேயே மறைந்தார். அவ்வாண்டு ஜூனில் ஹோம்ரூல் கிளர்ச்சிக்காக அன்னி உதகமண்டலத்தில் காவலில் வைக்கப்பட்டார், செப்டம்பரில் விடுதலையானார், டிசம்பரில் கல்கத்தாவில் காங்கிரசுக்குத் தலைமை வகித்தார். 1930-இல் மகன் டிக்பி தங்கள் குடும்பத்தின் வரலாற்றைத் தொகுத்து நூலாக வெளியிட்டபோது, எண்பது கடந்த தாய் அடையாற்றில் இருந்தார். 1933 செப்டம்பர் 20-ஆம் நாள் அங்கேயே அவர் உயிர் பிரிந்தது. இந்து முறைப்படி அடையாற்றுத் தோட்டத்தில் அவருடைய உடல் தகனம் செய்யப்பட்டது.